மஞ்சள் துணி கட்டிய விறகு

அந்த விறகை ஏற்றியது நான். என் வண்டியில், என் கையால், நல்ல வெளிச்சத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததால், இப்போது யாரும் கேட்காமலே சொல்கிற பழக்கம் வந்துவிட்டது.

சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட் இருக்கிறது. அதன் லைனில் பிறந்தவன் நான். லைன் என்றால் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. வீட்டுக்கு ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி. எட்டாம் வகுப்பை முடிக்காமல் மலையிறங்கினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொச்சியில் மீன் பெட்டி ஏற்றும் வேலை, வளைகுடாவில் இரண்டு வருடம் கட்டட வேலை என்று சுற்றினேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. கடைசியாக குஜராத் கடற்கரையில் ஒரு துறைமுகத்தில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே இருந்ததுதான் என் தலையைக் கெடுத்தது.

அது சமையல் கேஸ் இறக்கும் இடம். வீட்டைவிடப் பெரிய இரும்பு உருண்டைகளில் கேஸை அடைத்து வைத்திருப்பார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த உருண்டைகளின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என் வேலை. வெயிலில் இரும்பு சுடும். கீழே பார்த்தால் தலை சுற்றும் என்பதால் கடலையே பார்ப்பேன். எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது என்று ஃபோர்மேன் சொல்வார். வளைகுடாவில் கிளம்பினால் நாலைந்து நாளில் நம் கரைக்கு வந்துவிடும். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் வீட்டில் அரிசி சேர்த்து வைக்காத மாதிரி, நாமும் பெரிதாகச் சேர்த்து வைக்கவில்லை.

நான் அங்கே இருந்தபோதுதான் உக்ரைனில் சண்டை தொடங்கியது. கொஞ்ச நாளில் பக்கத்து எண்ணெய்த் துறையில் ரஷ்யக் கச்சா எண்ணெய் இறங்க ஆரம்பித்தது. ஐரோப்பாக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் வாங்கிக் காய்ச்சி, அதிலிருந்து எடுத்த டீசலை ஐரோப்பாவுக்கே அனுப்புகிறோம் என்று ஃபோர்மேன் சிரிப்பார். எந்த நாடு யாருக்குக் கூட்டாளி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பேச்சைக் கேட்காதே, குழாயை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார் என்பார். எனக்கு அது பெரிய படிப்பு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கயிறு அறுந்து ஒருமுறை விழுந்தேன். தோள் எலும்பு கூடியது, ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி, ஒரு பழைய குட்டியானை சரக்கு வண்டியை வாங்கி, எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் சாமான் ஏற்றிப் பிழைத்தேன். லைனில் கடைசி வீடு காலியாக இருந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லி அதில் தங்கிக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்தால் உலக விஷயம் எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன். கேட்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

லைனில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். சொந்த அக்கா இல்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கியவர். தாய் தகப்பன் போன பிறகு தன் தங்கையை வளர்த்து, கட்டிக்கொடுத்து, தான் தனியாகவே நின்றுவிட்டார். தங்கையின் புருஷனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. தங்கைக்கு முதல் குழந்தை ஒரு மார்கழியில் பிறந்தது. மழையும் பனியுமாக இருந்த நேரம். நெஞ்சில் சளி கட்டி, இருபதாவது நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு நான்கு வருடம் கழித்து இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். அக்கா அதைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசவில்லை. விறகு மட்டும் சேர்த்தார்.

எங்கள் பக்கத்தில் காப்பி அறுவடை முடிந்ததும் கவாத்து. வேண்டாத கிளைகளையும் கிழட்டுக் கட்டைகளையும் வெட்டுவார்கள். எந்த நிரையை, அதாவது செடி வரிசையை, எந்தப் பெண் வெட்டுகிறாளோ, அந்த நிரையின் விறகு அவளுக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லை. லைனுக்குப் பின்னால் அவரவர் குவித்துத் தகரம் போட்டு மூடி வைப்பார்கள். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. அடுத்தவள் விறகில் ஒரு குச்சியைக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள். பச்சைக் காப்பிக் கட்டை எரியாது, புகையும். ஒரு வருடம் காய்ந்தால் கரியைப் போல நின்று எரியும்.

அதில் ஒரு குவியல் மட்டும் தனி. வீட்டில் ஒருத்திக்குப் பேறுகாலம் என்றால், நன்றாகக் காய்ந்த கட்டைகளாகப் பொறுக்கி, வளைகாப்பு அன்றைக்கு மஞ்சளில் நனைத்த துணியை அதன்மேல் கட்டிவிடுவார்கள். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். முன்னால் பிரித்துப் பார்த்தால் ஆகாது. பிறகு நாற்பது நாளுக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த விறகில்தான் தண்ணீர் காயும். கேஸ் சிலிண்டர் வந்த பிறகு லைனில் பாதிப் பேர் விறகையே விட்டுவிட்டார்கள். வெட்டியது நிரையிலேயே கிடந்து மக்கியது. அக்கா விடவில்லை. மஞ்சள் துணி கட்டிய குவியல் அந்த வருடம் லைனில் அது ஒன்றுதான்.

வளைகுடாவில் சண்டை மூண்டது கவாத்து தொடங்கிய நேரத்தில். ஹோர்முஸ் என்ற குறுகலான கடல்வழியில் கப்பல்கள் நின்றுவிட்டன. முதல் வாரம் அது டிவியில்தான் இருந்தது. இரண்டாவது வாரம் டவுனில் கேஸ் ஏஜென்சி முன்னால் காலி சிலிண்டர்கள் சங்கிலி போட்டு வரிசையில் நின்றன. ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், சிலிண்டர்கள் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் நின்றன.

டீக்கடைக்காரர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, சண்ட எங்கியோ நடக்குது. எங்கட அடுப்பு எதுக்குங்க நிக்குது?"

நான் இரண்டு தம்ளரை நெருக்கி வைத்துக் காட்டினேன். "இந்தச் சந்துலதானுங்க நம்ம கேஸு பூரா வரோணும். சந்துல ரெண்டு பேரு கட்டிப் பொரண்டா தண்ணி லாரி உள்ள வருமா?"

"வராதுங்க. அப்ப வேற சந்துல வரச் சொல்லுங்க."

"அமெரிக்காக்காரங்கிட்ட பேசிட்டாங்க. அங்கிருந்து வந்துரும்."

"அவந்தானுங்க நம்ம சரக்குக்கு வரி மேல வரி போட்டான்னு போன வருசம் நீங்களே கத்துனீங்க?"

"அடுப்பு எரியோணுமில்லீங்க? அப்பறம் யாருகூட வேணாலும் பேசித்தான் ஆவோணும்."

"நல்ல ஒறவுங்க போங்க. எம் மச்சானும் இப்படித்தான், மோட்டாரு ரிப்பேரானாத்தான் ஊட்டுப் பக்கம் வருவான்." எல்லோரும் சிரித்தார்கள். "செரி, எத்தன நாளுங்க ஆவும்?"

"பத்து நாளு."

பத்து நாள் என்று ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஏற்றிய கேஸ் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது எனக்குத் தெரியும். உருண்டையில் தொங்கிக்கொண்டு அந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறேன். ஆனால் பத்து நாள் என்று சொன்னதும் கடையில் இருந்த முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த முகங்களில், பால் வாங்க வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் முகமும் உண்டு. அக்காவுக்கு அடுத்த வீடு; அக்காவின் தங்கை இல்லை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள். சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அவள் புருஷன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கூலி வேலை செய்தான். சண்டை வந்ததிலிருந்து போன் எடுக்கும், எடுக்காது. தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது என் வண்டி பக்கத்தில் நிற்பாள்.

"அண்ணா, அவிங்க இருக்கற பக்கம் ஒண்ணும் இல்லீங்கல்ல?"

"ஒண்ணும் ஆவாது கண்ணு. கப்பலுக்குத்தான் சண்டை. ஆளுக்கு இல்ல."

அதுவும் எனக்குத் தெரியாது. சொன்னேன்.

அவள் வீட்டில் புருஷன் வாங்கிப் போட்ட இரண்டாவது சிலிண்டர் நிறைந்திருந்தது. லைனில் அது ஒன்றுதான் மிச்சம். அக்காவும் அவளும் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாலும் அவசரச் சுடுதண்ணீரும் அவள் கேஸில். இரண்டு வீட்டுச் சோறும் குழம்பும் அக்காவின் விறகு அடுப்பில். அதற்கு முன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் பெரிய போக்குவரத்து இல்லை. கோழி ஒன்று காணாமல் போன விஷயத்தில் மனத்தாங்கல்கூட இருந்தது. கேஸ் நின்றதும் ஒரே பானையில் சோறு வெந்தது. நான் டீக்கடையில் இதையும் சொன்னேன். "பாத்தீங்களா, நாடுகளும் இப்படித்தானுங்க சேருது" என்றேன்.

அப்போதுதான் ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டார். டவுன் ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு பெரிய ஹோட்டல். அதற்குக் காய்கறி ஏற்றிப் போவேன். முன்வாசலில் வண்டியை விடமாட்டார்கள். அந்த மேனேஜர் அதுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு முன்வாசலைத் திறந்துவிட்டு, ஆபீசில் நாற்காலி போட்டு, ஃபேனைப் போட்டுவிட்டார்.

"வாங்கண்ணா. டீ சாப்புடுங்க. உங்களாலதான் ஒரு காரியம் ஆகணும். நல்லாக் காய்ஞ்ச விறகு வேணும். சீசன் ஆரம்பிக்குது, ரூமெல்லாம் புக்காயிருச்சு."

"இப்பத்தானுங்க கவாத்து நடக்குது. எல்லாம் பச்சையா கெடக்கு."

"நீங்க மலையிலேயே பொறந்தவரு. உங்களுக்குத் தெரியாத இடமா?"

அவர் அண்ணா என்று சொன்னதும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. எத்தனை ஊரில் எத்தனை மேனேஜர்கள் என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன். இடம் தெரியும் என்றேன். அந்த நிமிடமே எனக்கு மஞ்சள் துணி ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

பேறுகாலத்துக்கு ஓசூரிலிருந்து வரப்போகும் தங்கைக்கு டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குள் கப்பல் வந்துவிடும், சிலிண்டர் வந்துவிடும், விறகே தேவைப்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் சொன்ன பொய்யை நானே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை லைனில் பாதிப் பேர் சர்ச்சுக்கும் பாதிப் பேர் சந்தைக்கும் போவார்கள். பதினோரு மணிக்கு வண்டியைப் பின்னால் விட்டேன். தகரத்தைத் தூக்கி, துணியை அவிழ்த்து, கட்டைகளை ஏற்றினேன். அக்கா கட்டைகளைச் சின்னச் சின்னக் கட்டாகக் கற்றாழை நாரில் கட்டியிருந்தார். ஒரு கட்டு ஒரு வேளைத் தண்ணீருக்கு. அப்படித் திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார் என்பது தூக்கும்போதே தெரிந்தது. தோள் வலித்தது. நிறுத்தவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இடம் வெறிச்சென்று இருந்தது. அக்கா வந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் நிரையில் கிடந்த பச்சைக் கட்டைகளைக் கொண்டுவந்து அதே உயரத்துக்கு அடுக்கினேன். மேல் வரிசைக்கு மட்டும் காய்ந்த கட்டுகளில் கொஞ்சம் வைத்தேன். தகரத்தைப் போட்டு மஞ்சள் துணியை முன்பிருந்த மாதிரியே கட்டினேன். முன்னால் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். அந்தப் பழக்கத்தைத் தெரியாதவன் திருடியிருந்தால் இவ்வளவு நன்றாகத் திருடியிருக்க முடியாது.

குழந்தை மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. எடை குறைவு. சேலத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு அனுப்பினார்கள்; அதுவரை அக்காவும் அங்கேயே இருந்தார். சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினார்களாம். அடிவாரத்திலிருந்து பஸ் மலையேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. காப்பியைப் பூக்க வைக்கிற கோடை மழை. சாதாரணமாக ஒரு நாள் கொட்டிவிட்டுப் போகும். அந்தத் தடவை விடவில்லை. மேகம் லைனுக்குள்ளேயே இறங்கி நின்றது. கப்பல் வரவில்லை.

அக்கா தங்கையையும் குழந்தையையும் உள்ளே படுக்க வைத்துவிட்டு, மஞ்சள் துணியை அவிழ்க்கப் பின்னால் போனார். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கூடப் போனாள். நான் என் வீட்டுப் பின்வாசலில் நின்றேன். மேல் வரிசையை எடுத்தார்கள். அக்காவின் குரல் கேட்டது.

"இது எம்பட வெறகு இல்ல."

"அதெப்படிக்கா? நீங்க கட்டுனது தானுங்க?"

"பச்சக் கட்டைய வெச்சு அடுக்கியிருக்குது. கீழ பூராவும் பச்ச." அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நான் சேலத்துல இருந்தப்ப இங்க யாரு இருந்தா?"

"என்னக் கேக்கறீங்களா?"

"உன்ற ஊட்டுல கேஸு தீந்து போச்சா?"

"ஏனுங்கக்கா, கேஸு இருக்கறவ நா எதுக்கு வெறகு திருடோணும்?"

"கோழி எடுத்தவளுக்கு வெறகு எவ்வளவு நேரம்?"

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசியதை நான் எழுதவில்லை. வார்த்தைகள் கடைசியில் வளைகுடாவில் இருக்கும் புருஷன் வரைக்கும் போயின. பக்கத்து வீட்டுத் தங்கச்சி அழவில்லை. முகம் வெளுத்துப்போய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாலும் சுடுதண்ணீரும் அதோடு நின்றன. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் கேஸ் இருந்தது, இந்தப் பக்கம் குழந்தை இருந்தது.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீயே சொல்லு, இது நியாயமா?" என்று கேட்டார். "விடுங்கக்கா, யாருன்னு தெரியாம பேசக்கூடாது" என்றேன். நல்லவன் மாதிரி.

அன்றைக்கு அக்கா பச்சை விறகில் தண்ணீர் காய வைத்தார். புகை கூரை ஓட்டின் இடுக்கெல்லாம் வழிந்தது. மழையில் அது மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியது. குழந்தை இருமுகிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. பூனை தும்முகிற மாதிரி சின்னச் சத்தம்.

மறுநாள் காலையில் ஹோட்டலுக்குப் போனேன். எப்படியாவது திருப்பி வாங்கிவிடலாம் என்று. புல்தரையில் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் பெரிய சாம்பல் வட்டம், மழையில் நனைந்து கறுப்பாகக் கிடந்தது. மழை விடாததால் இப்போது மேலே தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். சாம்பலுக்குள் எரியாமல் ஒரு துண்டுக் கற்றாழை நார் கிடந்தது.

மேனேஜர் இந்த முறை நாற்காலி போடவில்லை.

"சமையலுக்கா? சமையலுக்குக் கரண்ட் அடுப்பு வாங்கிட்டோம்ணா. இது கெஸ்ட்டுங்களுக்கு. கேம்ப்ஃபயர். கேஸ் இல்லாததால கிராமத்து ஸ்டைல்னு சொன்னா நல்லா என்ஜாய் பண்றாங்க."

சமையலுக்கு என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. காய்ந்த விறகு வேண்டும் என்றுதான் சொன்னார். மீதியை நான் நிரப்பிக்கொண்டேன்.

ஷெட்டில் பாதிக்கும் குறைவாக மிச்சமிருந்தது. விறகுக்கு அவரிடம் வாங்கிய பணத்தில் டீசல் போக இருந்ததைக் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டேன். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். லைன் திருப்பம் வரை வந்து வண்டியை நிறுத்தினேன். பட்டப்பகலில் இந்த விறகோடு உள்ளே போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு ஞாயிறு, எல்லோரும் வெளியே போகும்போது வைத்துவிடலாம் என்று ரோட்டோரமாகவே விட்டுவிட்டு நடந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மழைக்குப் பயந்து யாரும் வெளியே போகவில்லை. திங்கட்கிழமையும் வண்டி அங்கேயே நின்றது. காய்ந்த விறகு தார்ப்பாய்க்குக் கீழே, குழந்தையிடமிருந்து கூப்பிடு தூரத்தில். நான் போய்ப் போய் நனைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, வண்டிய எடு. புள்ளைக்கி மூச்சு இழுக்குது."

திருப்பத்துக்கு ஓடினேன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் பின்னால் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இறக்க நேரமில்லை. முன்னால் என் பக்கத்தில் ஓர் ஆள்தான் உட்காரலாம். தங்கை குழந்தையை மார்போடு சுற்றிக்கொண்டு ஏறினாள். அக்கா பின்னால் ஏறினார். மழைக்குத் தார்ப்பாயைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு, கீழே இருந்ததன்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். தார்ப்பாய் மட்டும் தெரிந்தது. டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் முக்கால் மணி நேரம். குழி பார்த்து, மேகத்துக்குள் லைட் போட்டு ஓட்டினேன். பக்கத்தில் குழந்தையின் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. இந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்றுதான் வழி முழுக்க நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

உள்ளே எடுத்துப் போனார்கள். முகத்தில் சின்ன மூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. நர்ஸ் வெளியே வந்து கேட்டார்.

"வீட்டுல புகை அடையுதாம்மா? பச்ச விறகு எரிக்கறீங்களா? இந்தப் புள்ளைக்கி அது ஆகவே ஆகாது."

அக்கா தலையை ஆட்டினார். பிறகு வராண்டா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலை முழுக்க ஈரம். கையில் ஒரு கற்றாழை நார்த் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எம்பட வெறகு மேல ஒக்காந்துட்டு வந்தேன் தம்பி."

நான் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தேன்.

"முடிச்சு தொட்டாலே தெரியுமில்ல? நாங் கட்டுன முடிச்சு."

"நாந்தானுங்கக்கா எடுத்தேன்" என்றேன். ஹோட்டலைப் பற்றிச் சொன்னேன். பச்சைக் கட்டையை அடுக்கியது, துணி கட்டியது எல்லாம் சொன்னேன். கப்பல் வந்துவிடும் என்று நினைத்ததையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"துணியையும் நீயே கட்டினியா?"

"ஆமாங்கக்கா."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வெறகு கெடக்குது. நான் அவளப் பேசுன பேச்ச எப்படிச் சாமி திருப்பி எடுக்கறது? அவ புருசன் உசுரோட இருக்கறானான்னு தெரியாம இருக்கறவளப் போயி..." அவர் முடிக்கவில்லை. நான் செய்ததற்கு அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லலாம். போதாது.

மத்தியானம் குழந்தையோடு லைனுக்குத் திரும்பினோம். அக்கா நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். என்னையும் நிற்கச் சொன்னார். கதவு திறந்தது. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பத்து வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்ப, எங்கூட்டுக்காரரு பத்தி நீங்க தெனமும் சொன்னதுங்கண்ணா? அதும் இப்படித்தானுங்களா?"

அவள் உள்ளே போய், ஒரு தூக்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மிச்ச விறகை இறக்கி அடுக்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அடுத்த நாள் டீக்கடைக்குப் போனபோது கடைக்காரர் என் முன்னால் இரண்டு தம்ளரை நெருக்கி வைத்தார். "இன்னிக்கி எந்தச் சந்துலயிங்க கப்பல் வருது?" என்றார். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அங்கே கப்பல் பேச்சு பேசுவதில்லை. டீ குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் புருஷன் போன் செய்தான். நன்றாக இருந்தான். வேறு துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். கப்பலும் கடைசியில் வந்தது. எந்த நாட்டிலிருந்து என்று பேப்பரில் படம் போட்டு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கை குலுக்குவதைக் காட்டியிருந்தார்கள். முன்பு கை கொடுத்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை. ஃபோர்மேன் இருந்தால் குழாயைப் பார் என்றிருப்பார். நான் அந்தப் படத்தில் பார்த்தது வேறு. கஷ்டகாலத்தில் யார் யாருக்குக் கொடுக்காமல் அடுத்தவனுக்கு விற்றார்கள் என்று ஒரு கணக்கு எல்லா நாட்டுக்காரன் மனதிலும் இருக்கும். கை குலுக்கினாலும் அது போகாது. டீக்கடையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்த வாரம், லைனுக்கு சிலிண்டர் வந்தது. ஏஜென்சியிலிருந்து ஏற்றி வந்து வீடு வீடாக இறக்கினேன். அக்கா வீட்டுக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"அங்கியே வெச்சிருங்க" என்றார். இடுப்பில் தூக்கிய பிள்ளைக்கு வாங்க போங்க சொல்லுமளவுக்குப் போய்விட்டது.

சிலிண்டரை அவரே உருட்டி உள்ளே கொண்டுபோனார். கதவு திறந்திருந்தது. அறையின் ஒரு பக்கம் முழுக்கத் தரையிலிருந்து ஓடு வரைக்கும் விறகு. கவாத்தில் வெட்டிய புதுக் கட்டையெல்லாம் இனிமேல் வீட்டுக்குள்ளேதான் காயும் போலிருக்கிறது. லைனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு தகரம்கூட இல்லை. விறகு வைத்திருந்த எல்லோரும் அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.

அக்கா வீட்டில் அடுக்கியது போக மிச்சமிருந்த இடத்தில் தங்கை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தூளி கட்ட இடமில்லை. குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.